பேஸ் கிட்டார் இல்லாமல் நிற்கும் மூன்று பாடல்கள்

வணக்கம். மலேசியாவின் சுங்கை சிப்புட்டிலிருந்து எழுதுகிறேன். தோட்டத்து வாழ்வைப் பற்றி நானே எழுதி மெட்டமைத்த மூன்று பாடல்கள் ஐந்து மாதமாகப் பாதியில் நிற்கின்றன. குரல், கிட்டார், மாமா வாசித்த உறுமி எல்லாம் 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ் வேவ் கோப்புகளாகத் தயார்.

கீபோர்டிலேயே பேஸ் வாசித்துப் பார்த்தேன். உறுமியின் இழுப்போடு மோதி அடிநாதம் முழுவதும் கலங்கிவிட்டது. ஈப்போவில் ஒருவருக்கு 300 ரிங்கிட் முன்பணம் கொடுத்து ஆறு வாரமாகிறது, பதிலே இல்லை. இன்னொருவர் கைதேர்ந்தவர்தான், ஆனால் ஆறு அடி கொண்ட 6/8 தாளத்தில் நான்காம் அடியை விட்டுவிடுகிறார். பாட்டின் உயிரே அந்த அடியில்தான் இருக்கிறது.

ஒரு பாடலுக்கு 500 ரிங்கிட் வரை தருவேன். வீட்டிலிருந்தே பேஸ் வாசித்து, இசைக்கலவையும் செய்து தரும் ஒருவரை, நீங்களே வேலை கொடுத்துப் பார்த்தவராக, எனக்குச் சொல்ல முடியுமா?