வட்டிக் கணக்கில் சிக்கிய பயன்பாட்டுச் சான்றிதழ்: வழி தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

தனியார் பொறியியல் கல்லூரியில் வேதியியல் உதவிப் பேராசிரியர் நான். சோடியம் அயனி பேட்டரி ஆய்வுக்காக, அப்போது மத்திய அரசின் ஆராய்ச்சி நிதி வாரியமாக இருந்த செர்ப்பின் (SERB) ஸ்டார்ட்-அப் ரிசர்ச் கிராண்ட் (புதிய ஆய்வாளர்களுக்கான மானியம்; 2 வருடம், 30 லட்சம்) 2023 ஜனவரியில் கிடைத்தது. மார்ச்சில் முதல் தவணை வந்தது. இரண்டாம் தவணைக்கு ஜி.எஃப்.ஆர். (மத்திய அரசின் பொது நிதி விதிகள்) 12-ஏ படிவத்தில் பயன்பாட்டுச் சான்றிதழ், அதாவது வந்த பணம் எப்படிச் செலவானது என்ற சான்று, தர வேண்டும். அது மூன்று மாதமாகக் கையெழுத்தாகவில்லை.

காரணம் வட்டி. கல்லூரி அந்தப் பணத்தைத் தனிக் கணக்கில் வைக்காமல், வேறு நான்கு திட்டங்களின் பணம் இருக்கும் பொதுச் சேமிப்புக் கணக்கில் போட்டுவிட்டது. மானியத்தில் வந்த வட்டியை பாரத்கோஷ் (மத்திய அரசுக்குப் பணம் கட்டும் இணையதளம்) வழியாக அரசுக்குத் திருப்பிக் கட்ட வேண்டும், ஆனால் என் பங்கு எவ்வளவு என்று யாருக்கும் தெரியவில்லை.

வங்கியில் கேட்டேன், பிரித்துத் தர முடியாது என்றார்கள். சரி என்று பாஸ்புக்கை வைத்து தினசரி இருப்புப்படி நானே எக்செலில் போட்டேன்: ரூ.18,412. கணக்குப் பிரிவு ஏற்கவில்லை. ஆடிட்டரோ வங்கிக் கடிதம் இல்லாமல் கையெழுத்துப் போட மாட்டேன் என்கிறார்.

இதற்கிடையில் ஆய்வு மாணவிக்கு இரண்டு மாத உதவித்தொகை பாக்கி. ஆர்கான் வாயு சிலிண்டர் தீர்ந்து, க்ளவ் பாக்ஸில் (காற்றுப் படாமல் வேலை செய்யும் மூடிய பெட்டி) வெட்டி வைத்த சோடியம் தகடுகள் வெள்ளை பூத்துக் கிடக்கின்றன. 2025 ஜனவரியில் திட்டக் காலமும் முடிகிறது.

பொதுக் கணக்கு வட்டியைத் தினசரி இருப்பு முறையில் பிரித்து, ஆடிட்டர் சான்றோடு அனுப்பி ஏற்கப்பட்டவர்கள் இருக்கிறீர்களா, அந்தச் சான்றில் என்ன வாசகம் எழுதினீர்கள்?