1453-ல்தான் மறுமலர்ச்சி பிறந்ததா?

அரியாங்குப்பம் டீச்சர்:
வணக்கம். ஒன்பதாம் வகுப்புக்குச் சமூக அறிவியல் எடுக்கிறேன். "1453-ல் துருக்கியர் கான்ஸ்டான்டிநோபிளைப் பிடித்தார்கள், அறிஞர்கள் கிரேக்க ஏடுகளோடு இத்தாலிக்கு வந்தார்கள், ரெனேசான்ஸ் எனும் மறுமலர்ச்சி பிறந்தது" என்று பத்து வருடமாகச் சொல்லும் வரியை நேற்றும் சொன்னேன். கடைசி பெஞ்சுப் பையன் ஒருவன் எழுந்து, "டீச்சர், இத்தாலியக் கவிஞர் பெட்ரார்க் 1374-லயே இறந்துட்டார்னு போர்டுல எழுதினீங்களே, அப்ப அவரு எப்படி மறுமலர்ச்சியோட தந்தை?" என்றான். மணி அடித்துவிட்டது. ராத்திரி முழுக்க அதே நினைப்பு. திங்கட்கிழமை அவனுக்கு நேர்மையாகப் பதில் சொல்ல வேண்டும். வரலாறு படித்தவர்கள் உதவுங்கள்.

முதுநகர்வாசி:
பையன் கேட்டது சரியான கேள்வி டீச்சர். மானுவல் கிரிசோலோரஸ் என்ற கிரேக்க அறிஞர் 1397-லேயே கான்ஸ்டான்டிநோபிளிலிருந்து புளோரன்ஸ் வந்து கிரேக்கம் கற்றுக்கொடுத்தார். பண்டைய ரோமானியக் கவிஞர் லுக்ரீஷியஸின் லத்தீன் கவிதை, பழைய ஏடுகளைத் தேடித் திரிந்த இத்தாலிய அறிஞர் போஜ்ஜோவின் கையில் கிடைத்தது 1417-ல். கட்டடக்கலைஞர் புருனெல்லெஸ்கி கட்டிய கும்மட்டம் புளோரன்ஸ் பேராலயத்தின் மேல் எழும்பி, 1436-ல் அந்தப் பேராலயத்தையே அர்ப்பணித்துவிட்டார்கள். ஏற்கெனவே எரிந்த அடுப்புக்கு 1453 இன்னும் கொஞ்சம் விறகு போட்டது, அவ்வளவுதான்.

பாகூர் அக்கா:
எனக்கு ஆண்டைவிட அந்தப் பெயர்தான் பெரிய கேள்வி. ஓவியமும் சிற்பமும் மறுபடி பிறந்ததாக, ஓவியர்களின் வாழ்க்கையை எழுதிய இத்தாலிய ஓவியர் வசாரி 1550-ல் எழுதினார். ரெனேசான்ஸ் என்பதை ஒரு காலத்துக்கே பெயராக்கியவர் பிரெஞ்சு வரலாற்றாசிரியர் மிஷ்லே, 1855-ல். ஐந்து வருடம் கழித்து சுவிஸ் வரலாற்றாசிரியர் பர்க்ஹார்ட், நவீன மனிதனே இத்தாலியில்தான் பிறந்தான் என்றார். நம் பாடங்கள் இன்னும் அவர் வழியில்தான் போகின்றன. அமெரிக்க வரலாற்றாசிரியர் ஹாஸ்கின்ஸ் 1927-ல் அதை மறுத்தார்: 12-ஆம் நூற்றாண்டிலேயே இத்தாலியின் போலோனாவில் சட்டம் படித்தார்கள், ஸ்பெயினின் டொலேடோவில் அரபியிலிருந்து அரிஸ்டாட்டிலை லத்தீனுக்குக் கொண்டுவந்தார்கள் என்று காட்டினார். அப்புறம், பெண்களுக்கு மறுமலர்ச்சி இருந்ததா என்று அமெரிக்கப் பெண் வரலாற்றாசிரியர் ஜோன் கெல்லி 1977-ல் கேட்டார். இல்லை, அவர்கள் கட்டு இறுகியது என்பது அவர் முடிவு. இதையும் பெண் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்.

முதுநகர்வாசி:
அக்கா சொன்னதோடு ஒன்று. புளோரன்ஸ் அறிஞர்கள் பழைய ஏடுகளின் அழகான கையெழுத்தைப் பார்த்து, ரோமானியர் எழுத்து என்று நம்பி அப்படியே எழுதிப் பழகினார்கள். உண்மையில் அது, ரோமானியருக்கு வெகு பின்னால் 800 வாக்கில் ஆண்ட பிராங்கியப் பேரரசர் சார்லமேன் காலத்திலிருந்து மடத்துத் துறவிகள் எழுதிவந்த எழுத்து. இருண்ட காலம் என்று ஒதுக்கப்பட்டவர்கள் படியெடுத்து வைத்ததால்தான் கண்டெடுக்க ஏதோ இருந்தது. உ.வே.சா. 1887-ல் சிந்தாமணியை அச்சிட்டார் என்றால், ஓலை செல்லரிப்பதற்குள் தலைமுறை தலைமுறையாக யாரோ புது ஓலையில் எழுதி வைத்தார்கள் அல்லவா? பிள்ளைகளுக்கு இது சட்டென்று புரியும்.

அரியாங்குப்பம் டீச்சர்:
இரண்டு பேருக்கும் மனமார்ந்த நன்றி. படிக்கப் படிக்க இன்னொன்று தட்டுப்பட்டது. பெட்ரார்க், வசாரி இருவரும் பிறந்த ஊர் இத்தாலியின் அரெஸ்ஸோ. எங்கள் அரிக்கமேட்டில் 1945-ல் பிரிட்டிஷ் தொல்லியலாளர் வீலர் தோண்டியபோது கிடைத்த சிவப்பு ரோமானியக் கலங்களுக்கு அரெட்டைன் என்ற பெயர் அந்த ஊரால் வந்தது! பள்ளியிலிருந்து நடந்தே போகலாம். திங்கட்கிழமை பாடத்தை அங்கிருந்துதான் தொடங்கப்போகிறேன். 1453-ஐ அழிக்க மாட்டேன், தேர்வில் கேட்பார்கள். பக்கத்திலேயே 1397 என்று எழுதி, கடைசி பெஞ்சுக்காரனையே எழுப்பி விளக்கச் சொல்லுவேன்.