சாயப்பட்டறைக் கணக்கில் சுத்திகரிப்புச் செலவைப் பிரிப்பது எப்படி?

அனைவருக்கும் வணக்கம். திருப்பூரில் எங்கள் குடும்பம் நடத்திவரும் சிறிய சாயப்பட்டறையின் கணக்குப் பொறுப்பை அண்மையில் ஏற்றிருக்கிறேன். 2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்ட பிறகு, கழிவுநீரைத் துளியும் வெளியே விடாதவர்கள் மட்டுமே இங்கே தொழில் நடத்த முடியும் என்றாகிவிட்டது. சாயக் கழிவால் நொய்யல் ஆறு பட்ட பாட்டை நினைத்தால் அது முற்றிலும் நியாயமே.

ஆனால், பொதுக் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்துக்குக் கட்டும் தொகை முழுவதும் எங்கள் பேரேட்டில் ஒரே தலைப்பில்தான் பதிவாகிறது. வெளிர் நிறங்களைவிட அடர் கறுப்புக்குச் சாயமும் உப்பும் அலசும் தண்ணீரும் கூடுதலாகத் தேவைப்படும் நிலையில், அந்த வேறுபாடு கிலோவுக்கு எத்தனை ரூபாய் என்று தெரியாமலேயே கூலி பேசிவருகிறோம். ஆண்டு முடிவில் ஆடிட்டர் தரும் லாப நட்டக் கணக்கு வரி கட்ட உதவுகிறதே தவிர, எந்த ஆர்டரை ஏற்கலாம், எதை மறுக்கலாம் என்று முடிவெடுக்க உதவுவதில்லை.

வசூலிலும் ஒரு சிக்கல் உண்டு. சிறு நிறுவனங்களுக்கு அதிகபட்சம் 45 நாட்களுக்குள் பணம் தர வேண்டும் என்று 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தர நிறுவனங்கள் மேம்பாட்டுச் சட்டம் சொன்னாலும், எங்களுக்கு வர வேண்டிய பாக்கி பெரும்பாலும் அதைத் தாண்டியே நிற்கிறது.

ஒவ்வொரு பேட்ச்சுக்கும் தண்ணீர், உப்பு, நீராவிச் செலவைத் தனித்தனியாகப் பதிந்துவருபவர்கள் தங்கள் படிவத்தின் மாதிரியைப் பகிர இயலுமா? டாலி கணக்கு மென்பொருளில், செலவைப் பிரித்துப் பதிய உதவும் செலவு மையங்களை நிறவாரியாக அமைத்தீர்களா, வாடிக்கையாளர்வாரியாகவா? உறவு கெடாமல் 45 நாள் கெடுவை வாடிக்கையாளர்களிடம் வலியுறுத்தியவர்களின் அனுபவத்தையும் அறிய விரும்புகிறேன்.