புதுப்பிப்பு: மகளைக் கேலி செய்த இன்ஸ்டாகிராம் கணக்கு

மூன்று வாரத்துக்கு முன் இங்கே புலம்பியிருந்தேன். சிங்கப்பூரில் உயர்நிலை 1 படிக்கும் என் மகளின் எண்ணெய் வைத்த சடையைப் படமெடுத்து, வகுப்புப் பிள்ளைகள் இன்ஸ்டாகிராமில் கேலிக் கணக்கே தொடங்கியிருந்தார்கள். போனைப் பிடுங்கி வைக்கவா என்று கேட்டிருந்தேன்.

பிடுங்கவில்லை. பிடுங்கினால் அடுத்த முறை என்னிடம் சொல்லவே மாட்டாள் என்று நீங்கள் எழுதியது சரிதான்.

முதலில் பதில் எதுவும் போடாமல் எல்லாவற்றையும் தேதி தெரிய ஸ்கிரீன்ஷாட் எடுத்தோம். இன்ஸ்டாகிராமில் புகார் செய்தது அதன் பிறகுதான். கணக்கு போய்விட்டால் ஆதாரமும் போய்விடும். பிறகு முக்கியமாகச் சீண்டிய பையனை பிளாக் செய்யாமல் ‘ரெஸ்ட்ரிக்ட்’ செய்தாள். அவள் பதிவில் அவன் போடும் கருத்து அவனுக்கு மட்டும் தெரியும், நாம் செய்தது அவனுக்குத் தெரியாது. யாரும் பார்க்காத கேலி சீக்கிரம் சலித்துப்போகிறது! வாட்ஸ்அப் குழுவில் யார் சேர்க்கலாம் என்பதையும் ‘என் தொடர்புகள்’ என்று மாற்றிவிட்டோம்.

வகுப்பாசிரியர் முதலில் “விளையாட்டுதானே” என்றார். படங்களை அச்சடித்து மேசையில் வைத்ததும் பேச்சு மாறியது. கணக்கு இப்போது இல்லை.

சட்டம் பற்றிக் கேட்டவர்களுக்கு: 2014இல் வந்த துன்புறுத்தல் தடுப்புச் சட்டம் இணையத் தொல்லைக்கும் பொருந்தும், 2021 ஜூன் முதல் அதற்குத் தனி நீதிமன்றமும் உண்டு. நாங்கள் அதுவரை போகவில்லை, பதின்மூன்று வயசுப் பிள்ளைகள்.

நேற்று அவளே எண்ணெய்ப் பாட்டிலோடு வந்து உட்கார்ந்தாள், சடை பின்னிவிடச் சொல்லி.