அறநெறி வகுப்பில் கொட்டாவி: மனனமா, மலையா?

உப்புவெளி_ரீச்சர்:
ஞாயிறு காலையில் அறநெறி வகுப்பு எடுக்கிறேன். சின்னப் பிள்ளைகள் பரவாயில்லை, எட்டாம் ஒன்பதாம் ஆண்டுக்காரரோடுதான் பெரும்பாடு. தேவாரம் சொல்லச் சொன்னால் உதடு மட்டும் அசையும், கண் சுவர் மணிக்கூட்டில் நிற்கும். முடிந்த கையோடு ரியூசனுக்கு ஓட வேணுமாம். இவர்களை என்ன செய்து பிடித்து வைப்பது?

கடலோரவாசி:
மண்டபத்துக்குள் அடைத்து வைத்துப் பாடமாக்கச் சொன்னால் இப்படித்தான். திருகோணமலைக் கோணேஸ்வரர் கோயில் இருக்கிற சுவாமி மலைக்குக் கூட்டிப் போங்கள் ரீச்சர். 7ஆம் நூற்றாண்டில் சம்பந்தர் பாடிய கோணமலைப் பதிகத்தை, கீழே பாறையில் கடல் மோதுகிற இரைச்சலுக்குள் நின்று சொல்லட்டும். போகிற வழியில் கோட்டை வாசல் கல்லில் செதுக்கியிருக்கும் மீன்களைக் காட்டி, "இது ஏன் இங்கே?" என்று மட்டும் கேளுங்கள். போர்த்துக்கீசர் கோயிலை இடித்து அந்தக் கற்களையே கோட்டைக்கு வைத்த கதையை அவர்களே கேட்டு வாங்குவார்கள்.

ஓய்வுபெற்ற_வாத்தியார்:
தம்பி, நானும் கூட்டிப் போனவன்தான். கோட்டைக்குள் மானுக்குத் தீன் போட்டுவிட்டு வந்தார்கள், பதிகம் ஒருவருக்கும் ஞாபகமில்லை.

மனனத்தை இவ்வளவு இளக்காரமாகப் பேசாதீர்கள். செத்தவீட்டில் திருவாசகத்துத் திருப்பொற்சுண்ணம் பாடத் தொடங்கினால் அங்கே எத்தனை பேர் சேர்ந்து பாடுகிறார்கள் என்று கவனித்திருக்கிறீர்களா? பாடுகிறவர்கள் எல்லாம் சின்ன வயதில் அர்த்தம் விளங்காமல் பாடமாக்கியவர்கள்தான். மற்றவர்கள் போனில் தேடுகிறார்கள். போதாததற்கு, சாதாரணதரப் பரீட்சையில் சமயம் கட்டாய பாடம். சோதனையில் மீனைப் பற்றியா எழுதுவது?

கடலோரவாசி:
ஐயா, பாடமாக்க வேண்டாம் என்று நான் எங்கே சொன்னேன்? சம்பந்தர் இங்கே வரவேயில்லை, இராமேஸ்வரத்தில் நின்றுதான் பாடினார் என்பது மரபு. "அப்படியென்றால் கோணமலைக் கடலை எப்படிப் பாடினார்?" என்று ஒரு பெடியன் கேட்டால் திட்டாமல் பதில் சொல்வீர்களா?

ஓய்வுபெற்ற_வாத்தியார்:
கேட்கட்டும், நல்ல கேள்விதான். ஆனால் பதிகம் வாயில் இருக்கிறவனுக்குத்தான் அந்தக் கேள்வியே வரும்.

மூதூர்க்காரி:
டவுன்காரருக்கு மலை பக்கத்தில். எங்கள் பிள்ளைகளுக்கு பஸ் காசு யார் தருவது? நாங்கள் வேறு வழி பார்த்தோம். ஒவ்வொரு பெரிய பிள்ளையிடமும் சின்னவர்கள் சிலரை ஒப்படைத்து, "நீதான் சொல்லிக் கொடுக்க வேணும்" என்றோம். ஒரு வரிகூடப் பாடமில்லாத ஒருவன், வாண்டுகள் முன்னால் தடுமாறக் கூடாதென்று வீட்டில் உரத்துப் பாடிப் பார்க்கிறானாம். தாய் வந்து சொன்னா. பூசைக்கு மாலை கட்டுவதையும் அவர்களிடமே விட்டோம். எல்லாரும் திருந்திவிடவில்லை, சிலர் இப்போதும் மணிக்கூட்டைத்தான் பார்க்கிறார்கள்.

உப்புவெளி_ரீச்சர்:
சரி, வருகிற ஞாயிறே பெரியவர்களிடம் சின்னவர்களைப் பிரித்துக் கொடுக்கிறேன். பாடமானதும் மலைக்கு. வாத்தியார் ஐயா, நீங்களும் வாங்கோ, மான் பக்கம் ஒருத்தரும் போகாமல் பார்த்துக்கொள்ள ஆள் வேணும்.

ஓய்வுபெற்ற_வாத்தியார்:
வாறன். ஆனால் கோட்டை வாசலிலேயே ஒருக்கால் பாட வைத்துத்தான் உள்ளே விடுவேன்.