மருந்து படாமலே உதிர்ந்த மரு: உங்களுக்கும் நடந்ததா?

தம்பலகாமம்:
எங்கள் நாம்பன் கன்றுக்குக் கழுத்து முழுக்க மரு. மாடு வைத்திருப்பவர்களுக்கு அது எப்படி இருக்கும் என்று தெரியும். அப்பா இடப்பக்கம் மட்டும் சுண்ணாம்பு பூசி வந்தார். வலப்பக்கம் காதடியில் என்பதால் கன்று தொடவே விடவில்லை. ஒரு காலை வைக்கோல் போடப் போய்க் காதைத் தடவினேன், பெரிய மரு ஒன்று காய்ந்து கையோடு வந்தது. இரத்தமில்லை, அடியில் இளஞ்சிவப்பாகப் புதுத் தோல். சில நாட்களுக்குள் இரண்டு பக்கமும் சுத்தம். சுண்ணாம்பே படாத பக்கம் எப்படிப் போனது?

கிண்ணியா:
சுண்ணாம்பு ஊறித்தான் மறுபக்கமும் போயிருக்கும் தம்பி. எங்கள் பசுவுக்கு வாப்பா பூசித்தான் போனது, நான் கண்ணால் பார்த்தேன். அதை விடுங்கள், மற்றக் கன்றுகளைக் கவனியுங்கள். மருவுள்ள கன்றைத் தனியாகக் கட்டுங்கள். அதன் கயிற்றை இன்னொன்றுக்குப் போடாதீர்கள். முள்ளுக்கம்பி வேலியில் உரசவிடக் கூடாது, கீறல் வழியாகத்தான் பரவும். காதுத் தோடு குத்தும் கருவியைக் கழுவாமல் அடுத்த மாட்டுக்குக் கொண்டுபோகவே கூடாது. மருவைக் கிள்ளவும் வேண்டாம். முலைக்காம்பில் வந்தால் அந்தப் பசுவைக் கடைசியாகக் கறந்துவிட்டுக் கையை நன்றாகக் கழுவுங்கள்.

மூதூர்:
என் மாமா மரு வந்த கிடாரியை அடிமாட்டு விலைக்குக் கொடுத்துவிட்டார். பிறகு ஒருநாள் வியாபாரியின் பட்டியில் அதைப் பார்த்தேன். நெற்றிச் சுட்டியை வைத்துத்தான் அடையாளம் பிடித்தேன், உடம்பில் ஒரு மரு இல்லை. எதுவும் பூசவில்லை என்றார் அந்த ஆள். மாமாவிடம் இன்னும் சொல்லவில்லை.

உப்புவெளி:
கிண்ணியா அண்ணன், மூதூரின் கிடாரிக்கு என்ன ஊறியது? சுண்ணாம்பு தோலைச் சுடும், அவ்வளவுதான். என் நாய்க்குட்டியின் வாய் நிறைய மரு வந்து, மருந்தே இல்லாமல் எல்லாம் ஒன்றாக மறைந்தது. அதிலிருந்துதான் இதைத் தேடித் தேடிப் படிக்கிறேன்.

இதை முயலில்தான் தெளிவாகப் பார்த்திருக்கிறார்கள். அமெரிக்கக் காட்டுமுயல்களின் மருவுக்கு வைரஸ்தான் காரணம் என்று ரிச்சர்ட் ஷோப் என்ற ஆய்வாளர் 1933இல் காட்டினார். அந்த வைரஸை வளர்ப்பு முயலின் தோலைக் கீறித் தேய்த்தால் மரு முளைக்கும். சில முயல்களில் அது தானாகக் கரையும். கரையும்போது முதுகு, வயிறு என்று எங்கே இருந்தாலும் பெரும்பாலும் எல்லாம் ஒரே காலத்தில் போகும். தம்பலகாமம் கேட்டதற்குப் பதில் இதுதான், ஒரு பக்கத்து மருவை அடையாளம் கண்ட உடம்பு மறுபக்கத்தையும் விடாது.

கரையும் மருவை வெட்டிப் பார்த்தால் அடியில் வெள்ளை அணுக்கள், முக்கியமாக டி அணுக்கள், குவிந்திருக்கும். எதிர்ப்புரதம், அதாவது வைரஸைப் பிடிக்க உடம்பு இரத்தத்தில் விடும் புரதம், அது மட்டும் போதாது. இரத்தத்தில் அது நிறைய இருந்தும் மரு வளர்ந்துகொண்டே போகும் முயல்கள் உண்டு. அது புதிய தொற்றைத் தடுக்கும், முளைத்துவிட்ட மருவைக் கரைப்பது அணுக்கள்தான்.

கரையாத முயலை நினைத்தால்தான் மனம் கேட்கவில்லை. 1935இல் பெய்டன் ரூஸ், பியர்டு என்ற இரண்டு ஆய்வாளர்கள் எழுதினார்கள், அப்படி நிலைத்த மருக்கள் பல புற்றுநோயாக மாறின என்று. அதே வைரஸ், அதே கீறல், ஒன்று பிழைக்கிறது, மற்றது சாகிறது. எந்த முயல் எந்தப் பக்கம் போகும் என்பதில் பிறப்பிலேயே வரும் மரபணுக்களுக்கும் பங்குண்டு. நோயெதிர்ப்பு அணுக்களுக்கு வைரஸின் துண்டுகளை எடுத்துக்காட்டும் மரபணுக்கள் அவை.

கிண்ணியா:
சரி, வாப்பா பூசியதும் அது போகிற நேரமும் ஒன்றாக வந்திருக்கலாம். ஆனால் அதே கன்றுக்குத் திரும்ப வருமா?

உப்புவெளி:
மரு கரைந்த முயலுக்கு அதே வைரஸை மறுபடி தேய்த்தால் பொதுவாக முளைப்பதில்லை. மாட்டுக்கு மரு தரும் வைரஸில் பல வகை உண்டு, ஒன்றுக்கு வந்த எதிர்ப்பு இன்னொன்றைத் தடுக்காது. அதனால் கயிறு பற்றி நீங்கள் சொன்னது அப்படியே இருக்கட்டும்.