பழைய சிஐ-லேர்ந்து கிட்ஹப் ஆக்‌ஷன்ஸுக்கு மாறணும், எதைத் தொட்டா எது ஒடையும்?

வரப்பு_வாசி (மன்னார்குடி):
வணக்கம் மக்களே. அஞ்சாறு பேர் சேந்து ஒரு ஓப்பன் சோர்ஸ் பைத்தான் ப்ராஜெக்ட் வெச்சிருக்கோம். மா, குழி, வேலி கணக்கை ஏக்கர் சென்ட்டா மாத்தும் (நம்ம பக்கம் 100 குழி 1 மா, 20 மா 1 வேலி), அதோட தினம் காலையில 8 மணிக்கு மேட்டூர் நீர்மட்டத்தை எடுத்து டெலிகிராம் குரூப்புக்கு அனுப்பும். இவ்ளோ நாள் ஓட்டுன சிஐ (கோட் மாறும்போதெல்லாம் தானா டெஸ்ட் ஓட்டுற) சர்வீஸ் இலவசத்தை நிறுத்திட்டு க்ரெடிட் கணக்குக்கு மாறிட்டாங்க, மாசம் பாதியிலயே தீந்துபோயி பில்டெல்லாம் மஞ்சளாவே நிக்குது, பிஆர் (கோட்ல சேக்கச் சொல்லி அனுப்புற மாத்தம்) போட்டவங்க "என்னண்ணே ஆச்சு"ன்னு கேக்குறாங்க. கோட் கிட்ஹப்லதான் இருக்கு, அதனால அவங்க சிஐ-க்கே மாறலாம்னு பாக்குறோம். இல்ல வீட்ல சும்மா கெடக்குற பழைய பிசில ரன்னர் (சிஐ வேலைய ஓட்டுற மெஷின்) போட்டுக்கலாமா?

டிகிரி_காப்பி (கும்பகோணம்):
தம்பி, பிசி ஐடியாவ இப்பவே விட்டுடுங்க. பப்ளிக் ரெப்போ, எவன் வேணா ஃபோர்க் பண்ணி (தனக்குன்னு நகல் எடுத்து) பிஆர் போடலாம், அதுல அவன் எழுதுனது உங்க வீட்டு மெஷின்ல ஓடும். மாசாந்திர பராமரிப்புன்னு காலைல 9 மணிக்கு கரண்ட்ட புடுங்குவானே, அது தனிக்கதை. பப்ளிக் ரெப்போன்னா கிட்ஹப்போட சாதாரண ரன்னருக்கு காசு கெடையாது.

2021 ஜூன்ல ட்ராவிஸ்ங்கிற சிஐ-யோட டாட் ஆர்க் தளம் மூடுனப்ப நானும் ஒரு ப்ராஜெக்ட்ட மாத்துனேன். நான் பண்ண தப்பு, டெஸ்ட், லின்ட் (கோட் நடை சோதனை), பேக்கேஜிங்னு அத்தனையும் சிஐ-யோட யாம்ல் செட்டிங் ஃபைல்லயே எழுதி வெச்சிருந்தேன், வரி வரியா பேத்து எடுக்க வேண்டியதாப் போச்சு. மொதல்ல எல்லா கமாண்டையும் ஒரு ஷெல் ஸ்க்ரிப்டுக்குள்ள தூக்கிப் போடுங்க, யாம்ல் அதை கூப்பிட்டா போதும். அப்பறம் ரெண்டு சிஐ-யும் ஒரு ரெண்டு வாரம் சேந்தே ஓடட்டும், பழைய ஃபைல அவசரப்பட்டு அழிச்சுடாதீங்க.

அப்பறம் பைத்தான் வெர்ஷன் 3.10-ஐ மேற்கோள் குறிக்குள்ள (கோட்ஸ்) போடுங்க. போடலன்னா யாம்ல் அதை தசம எண்ணா எடுத்துக்கிட்டு கடைசி சைபரை முழுங்கிட்டு 3.1-ஐ தேடும்.

தலையாட்டி (தஞ்சாவூர்):
மேல சொன்னது எல்லாம் கரெக்ட். ஆனா உங்க தலைவலி டெஸ்ட் இல்ல, அந்த மேட்டூர் மெசேஜ்தான். கிரான் (நேரம் குறிச்சு ஓட்டுற ஷெட்யூல்) வழக்கமா யூடிசி, அதாவது உலகப் பொது நேரத்துல ஓடும், நம்ம 8 மணின்னா அங்க 2:30, அதுவும் அடிச்ச மாதிரி டயத்துக்கு வராது, லோடு அதிகமா இருந்தா லேட்டாகும். இன்னொன்னு, பப்ளிக் ரெப்போல 60 நாள் எந்த அசைவும் இல்லன்னா ஷெட்யூல் தானா ஆஃப் ஆயிடும். ஜனவரி 28 அணைய மூடுனா உங்க ரெப்போவ யாரு தொடப்போறா? குறுவைக்கு ஜூன் 12 தண்ணி தொறக்கற அன்னிக்கு குரூப்ல மெசேஜ் வராது, எல்லாரும் உங்களத்தான் திட்டுவாங்க.

டெலிகிராம் டோக்கன (மெசேஜ் அனுப்புற சாவி) கிட்ஹப்போட சீக்ரெட்ல, அதாவது மறைச்சு வெக்கிற எடத்துல வைங்க. ஃபோர்க்லேர்ந்து வர்ற பிஆருக்கு சீக்ரெட் கெடைக்காது, அதனால மெசேஜ் அனுப்புற வேலைய டெஸ்ட்லேர்ந்து பிரிச்சு தனி ஃபைலா வெச்சுடுங்க. வெளி ஆளுங்க எழுதுன ஆக்‌ஷன டேக் பேர்ல (பின்னாடி வேற கோடுக்குத் திருப்பிடலாம்) கூப்பிடாம முழு கமிட் ஹாஷ் (அந்த ஒரு மாத்தத்தோட மாறாத அடையாளம்) போட்டு கூப்பிடுங்க, 2025 மார்ச்ல பல பேர் நம்பி வெச்சிருந்த ஒரு ஆக்‌ஷனோட டேகையே திருப்பிவிட்டு சீக்ரெட்ட லாக்ல கொட்ட வெச்சாங்க.

நெல்லும்_நிரலும்:
எல்லாரும் ஒரே கம்பெனி வாசல்லயே போயி நின்னா எப்படிங்க? இன்னிக்கு ஃப்ரீ, நாளைக்கு அவங்களும் க்ரெடிட்னு சொன்னா மறுபடி இதே கேள்வியோட வருவீங்க. கோட்பெர்க்ல (கிட்ஹப் மாதிரி இன்னொரு தளம்) வுட்பெக்கர் சிஐ இருக்கு, கேட்டு வாங்கணும். பாருங்களேன்.

டிகிரி_காப்பி:
@நெல்லும்_நிரலும் நியாயந்தான், ஆனா அவரு கேட்டது சிஐ மாத்த, வீடு மாத்த இல்ல. ஸ்க்ரிப்ட் தனியா இருந்தா நாளைக்கு எங்க வேணா போலாம்.

வரப்பு_வாசி:
ஒரு வாரம் கழிச்சு வர்றேன். 3.10-ல நானும் மாட்டுனேன், படிச்சும் கோட்ஸ் போட மறந்துட்டேன், வெக்கமா இருக்கு. புது பில்டு எல்லாம் பச்சை, ஆனா மெர்ஜ் பட்டன் மட்டும் திறக்கவே மாட்டேங்குது, எதுக்கோ காத்துக்கிட்டே நிக்குது.

தலையாட்டி:
ப்ராஞ்ச் ப்ரொடெக்‌ஷன்ல (மெர்ஜுக்கு முன்னாடி எது பாஸாகணும்னு வெக்கிற விதி) பழைய சிஐ பேரு கட்டாய செக்கா இருக்கும், அது இந்த ஜென்மத்துல வராது. எடுத்துட்டு புது ஜாப் பேர போடுங்க.

வரப்பு_வாசி:
அதேதான் அண்ணே, தொறந்துடுச்சு. காலைல மெசேஜ் 8:14-க்கு வந்துச்சு, பரவால்ல. மார்ச் 20-க்கும் மே 15-க்கும் போன்ல அலாரம் வெச்சுட்டேன், அந்த 60 நாள் கணக்குக்காக ரீட்மீல ஒரு வரியாவது மாத்தி கமிட் பண்ணணும்.